பாதி நிலை விதி

என் கணவர் நாச்சிமுத்து பொள்ளாச்சிப் பக்கம் மூன்று பம்ப்செட்டுகளைப் பழுதுபார்த்தார். அதன் பலனாக என்னிடம் மன்னிப்புக் கேட்டார். இந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். நானும் அதைத்தான் கேட்டேன், கொஞ்சம் சத்தமாக.

முதலில் எங்கள் சனிக்கிழமை மேசையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் 'பகடை' என்று ஒரு கடை இருக்கிறது. மேசையில் உட்கார்ந்து ஆடும் விளையாட்டுகள் விற்போம், வாடகைக்கும் கொடுப்போம், அங்கேயே உட்கார்ந்தும் ஆடலாம். அது என் கடை. 'என்' என்பதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் ஜன்னலோர மேசை மட்டும் யார் கேட்டாலும் கிடையாது. அது எங்கள் நால்வருக்கானது.

நாங்கள் ஆடுவது கதையாட்டம். நான் ஒரு காட்டையும் கோட்டையையும் வர்ணிப்பேன். மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நடப்பார்கள். சுவர் ஏற முடிந்ததா, பூட்டு திறந்ததா என்பதைப் பகடை சொல்லும். இதில் வெற்றி தோல்வி கிடையாது. ஒரு கதை கிடைக்கும், ட்ரோன் கொண்டுவந்து வைக்கும் காளான் மசாலா கிடைக்கும், கூடவே ஒரு சண்டை கிடைக்கும். சண்டை மட்டும் ஆரம்பித்த நாளிலிருந்து ஒன்றேதான். பாத்திரம் எப்படி வளரவேண்டும்?

ரெஹானா மூளை ஆராய்ச்சியாளர். பீளமேட்டில் அவளுக்கு ஓர் ஆய்வகம் இருக்கிறது. அவள் நிலைக் கட்சி. எதைச் செய்தாலும் அனுபவப் புள்ளி சேரும், போதுமான அளவு சேர்ந்தால் பாத்திரம் ஒரு நிலை ஏறும், ஏறினால் வாள்வீச்சிலிருந்து வீணை வரைக்கும் எல்லாமே சேர்ந்து ஏறும். செல்வின் கீபோர்டு வாத்தியார். அவன் திறன் கட்சி. எதைச் செய்தாயோ அது மட்டும் ஏறும், மற்றதெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

"ரெண்டு மாசமா குரங்குப்பேயை வெட்டிட்டு இருந்தவனுக்குப் பூட்டு திறக்க எப்படி வரும் டாக்டர்?" என்பான் செல்வின்.

"ஏன் வராது? நாலு இடத்துல அடிபட்டவன் எல்லாத்துலயும் கொஞ்சம் தெளிவாத்தான் இருப்பான். அனுபவம்ங்கறது பொது."

"என் கிளாஸுக்கு வாங்க. பெரிய வக்கீல் ஒருத்தர் சேர்ந்திருக்காரு. இருபது வருச அனுபவம். அஞ்சு விரலையும் ஒரே கட்டைல வெக்கறாரு."

"அவருக்கு அனுபவம் பத்தல."

"காளான் ஆறுது" என்பார் நாச்சிமுத்து. அவர் எந்தக் கட்சியும் இல்லை.

என் கணவர் பம்ப் கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியர். மோட்டாரோடு மணிக்கணக்காகப் பேசுவார், மனிதர்களோடு அளவோடுதான். ஆட்டத்திலும் அப்படியே. அவர் பாத்திரத்தின் பெயர் இடும்பன், எட்டடி உயரம், கையில் கோடாலி. வெட்டுவதற்கு ஏதாவது வந்தால் குஷியாகிவிடுவார். ராஜாவிடம் பேசவேண்டும், ராணியைச் சமாதானப்படுத்தவேண்டும் என்று கதை திரும்பினால் போச்சு, இடும்பனுக்குப் பேச்சுத் திறன் பூஜ்யம். அவர் பாட்டுக்குப் பகடைகளைத் துண்டால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "ஏன் அம்மிணி, இன்னிக்கு வெட்டறதுக்கு ஒண்ணுமே வராதா?" என்று ஒரு தடவை மெதுவாகக் கேட்டார். எனக்குப் பாவமாகிவிட்டது. அன்றைக்கே எங்கள் மேசைக்கென்று ஒரு விதி போட்டேன். அறவே தெரியாத திறனாக இருந்தாலும், பாத்திரத்தின் நிலையில் பாதியை அதற்குச் சேர்த்துக்கொள்ளலாம். எட்டாம் நிலை இடும்பனுக்குப் பேச்சு நாலு. ராணி கதவைத் திறந்தாள். நாச்சிமுத்து முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ரெஹானாவுக்கு விதி ரொம்பப் பிடித்துப்போனது. செல்வின் இரண்டு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது அந்த 'என்' விஷயத்துக்கு வருகிறேன். வங்கி வேலையை விட்டுவிட்டு, என் சேமிப்பைப் போட்டு, என் யோசனையில் நான் ஆரம்பித்த கடை இது. திறப்பு விழாவுக்குக் கோபியிலிருந்து அப்பா வந்திருந்தார். அலமாரி முழுக்கப் பெட்டிகளைப் பார்த்துவிட்டு, "என்னங் மாப்ள, இது ஓடுமுங்களா?" என்று இவரைக் கேட்டார். என்னைக் கேட்கவில்லை, அது வேறு கதை. இவர் சிரித்துக்கொண்டே, "அட விடுங்க மாமா, இவளுக்கு டைம்பாஸுக்கு ஒண்ணு வெச்சுக் குடுத்திருக்கறேன்" என்றார். சொந்தக்காரர்கள் மொத்தமும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அடுத்த வருஷம் அப்பா தவறிப்போனார். மாப்பிள்ளை மகளுக்கு ஒரு டைம்பாஸ் வைத்துக்கொடுத்திருக்கிறார் என்று நம்பிக்கொண்டேதான் போனார். அது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

இவருக்கு அது ஞாபகமே இல்லை. நானும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் எதற்குக் கோபம் என்று வாயைத் திறந்து சொல்லமாட்டோம். உங்களுக்கே தானாகத் தெரியவேண்டும். தெரியவில்லையா, அதற்கு இன்னொரு கோபம் தனியாக ஆரம்பிக்கும். இவர் இத்தனை வருஷமும் நான் கோபப்படுவது நாற்காலியில் ஈரத்துண்டைப் போடுவதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். துண்டை எடுத்து நாலு நாள் கொடியில் போடுவார், ஐந்தாம் நாள் மறுபடி நாற்காலி. எனக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரே ஒரு மன்னிப்பு. கேட்டு வாங்கினால் அது கணக்கில் வராது.

இந்த நிலையில்தான் ரெஹானா 'ஏணி'யைக் கண்டுபிடித்தாள். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் சட்டைப் பொத்தான் அளவு வில்லை. ஒரு சனிக்கிழமை அதை மேசைமேல் வைத்து விளக்கினாள்.

"பகல்ல நீ மெனக்கெட்டுச் செய்யறதை எல்லாம் இது கவனிக்கும். போதுமான அளவு சேர்ந்ததும், அன்னிக்குத் தூக்கத்துல மூளைல இருக்கற பாதைகளை ஒரு சுத்து பலப்படுத்தும். காலைல எந்திரிச்சா நீ ஒரு நிலை மேல."

"எந்தப் பாதைய?" என்றான் செல்வின்.

"எல்லாத்தையும்."

"போடவே போடாத பாதைய?"

ரெஹானா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நம்ம நவநீதா விதி. பாதி நிலை."

செல்வின் தலையில் கை வைத்துக்கொண்டான். "டாக்டர், அது விளையாட்டுக்குப் போட்டது. அதுவும் அண்ணாவுக்கு போரடிக்கக் கூடாதுன்னு போட்டது."

"அதனால என்ன? சின்ன மேசைல ஓடினது பெரிய மேசைல ஓடாதா?"

மறைக்க என்ன இருக்கிறது, எனக்குப் பெருமையாக இருந்தது. என் விதி ஊர்க்காரர்கள் மண்டைக்குள் போகப்போகிறது! காளான் இன்னொரு தட்டு சொன்னேன்.

மாநகராட்சி அனுமதியோடு கோவை முழுக்கச் சோதனை ஆரம்பமானது. முதல் மாதம் ஊரே திருவிழாவாக இருந்தது. "சாப்பிட்டாச்சுங்களா" போய் "எத்தனாவது நிலைங்க" வந்தது. காந்திபுரத்தில் பூக்கட்டுகிற அம்மா ஒன்பதாம் நிலை ஏறி, பக்கத்துக் கடைக்காரருக்கு இருந்த வழக்கைப் பேசியே முடித்துவைத்தார். கல்யாணத் தகவல் மையங்களில் ஜாதகத்துக்கு முன்னால் நிலையைக் கேட்டார்கள். "பையன் ஆறாம் நிலைதானுங்க, ஆனா தங்கமான குணம்" என்று தரகர் இழுக்க ஆரம்பித்தாலே பெண்வீட்டார் எழுந்துவிடுவார்கள்.

இரண்டாவது மாதத்தில் பாதி நிலை தன் வேலையைக் காட்டியது. எல்லாருக்கும் எல்லாமே பாதி தெரிந்தது. பாதி தெரிந்தவனுக்கு மீதிப் பாதி தெரியாது என்பதே தெரியாது. யாரும் பிளம்பரைக் கூப்பிடவில்லை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடவில்லை. "நான் பத்தாம் நிலை, எனக்குத் தெரியாதா?" என்று ஆளாளுக்கு ஸ்பேனரைத் தூக்கினார்கள். எங்கள் தெருவில் உடைந்த குடிநீர்க் குழாயைப் பதினைந்து பேர் சேர்ந்து சரிசெய்தார்கள், ஒருவர் ஆடிட்டர், இரண்டு பேர் பல் டாக்டர். மூன்று நாள் நாங்கள் பேன்டைச் சுருட்டிக்கொண்டுதான் கடைக்குப் போனோம்.

கெட்டதும் ஏறும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. நாச்சிமுத்துவின் குறட்டை ஏழாம் நிலையில் சுருதி சேர்ந்து, பத்தாம் நிலையில் பக்கவாத்தியத்தோடு வர ஆரம்பித்தது. என் கோபமும் ஏறியது. ஒரு நாள் சமையலறையில் நான் வெறும் "ம்" என்றுதான் சொன்னேன், பக்கத்து ஃப்ளாட்டில் டிவியை அணைத்துவிட்டார்கள்.

பாவம் செல்வின். அவனுடைய மாணவர்கள் வீட்டுப்பாடம் எழுதியே நிலை ஏறினார்கள், அந்த ஏற்றத்தில் கீபோர்டும் பாதி வாசித்தார்கள். பெற்றோர் வகுப்பை நிறுத்திவிட்டார்கள். "பாதி வாசிப்புக்கே கைதட்டறாங்க அக்கா. மீதிப் பாதி இருக்குதுன்னு சொன்னா, எனக்குப் பொறாமைங்கறாங்க" என்றான். அன்றைக்கு அவன் காளானைத் தொடவில்லை. அவன் தொடாததை ரெஹானாவும் பார்த்தாள்.

அப்போதுதான் பொள்ளாச்சி வந்தது. அங்கே ஒரு தென்னந்தோப்பில் மூன்று ஆழ்குழாய் மோட்டார்கள் ஒரே வாரத்தில் படுத்துவிட்டன. நாச்சிமுத்து இரண்டு நாள் அங்கேயே கிடந்து மூன்றையும் எழுப்பிவிட்டு வந்தார். வந்து தூங்கினார். காலையில் பன்னிரண்டாம் நிலையாக எழுந்து, பல் விளக்கிக்கொண்டே, மறந்துபோன ஏதோ ஒன்று ஞாபகம் வந்தவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

அன்று சனிக்கிழமை. சாயங்காலம் கடை நிறைந்திருந்தது. நான் ஆட்டத்தை ஆரம்பிக்க வாயெடுத்தபோது இவர் எழுந்து நின்றார். சுவரில் மாட்டியிருக்கும் அப்பா படத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

"மாமா, இந்தக் கடையை நான் வைத்துக் கொடுக்கவில்லை" என்றார். மேடைப்பேச்சு மாதிரி, திருத்தமான தமிழில்! "இது உங்கள் மகள் தன் உழைப்பில் கட்டியது. அன்றைக்கு நான் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான், ஒரு சின்னச் சொல். அந்தச் சொல்லை இத்தனை பேர் முன்னால் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நவநீதா, என்னை மன்னித்துவிடு."

சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த ஒரு ரிட்டயர்ட் தாசில்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மன்னிச்சுட்டேனுங்க" என்றேன். சொன்ன அந்த நிமிஷமே நெஞ்சுக்குள் இருந்த கல் கரைந்து போய்விட்டது. அன்று ராத்திரி குறட்டை கூடக் கேட்கவில்லை. அடுத்த பதினைந்து நாளும் வீட்டில் அரிசிம்பருப்பு சாதத்துக்கு நெய் தாராளமாக விழுந்தது. நாற்காலியில் துண்டு கிடந்தால் நானே எடுத்து உலர்த்தினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கடுத்த சனிக்கிழமை ரெஹானா காளானைக் கிளறிக்கொண்டே சொன்னாள். "நாச்சி அண்ணாவோட கணக்கைப் பார்த்தேன். பிரமாதம்! மன்னிப்புக் கேக்கறதுல பயிற்சி பூஜ்யம். சுத்தமா ஒரு பாதை கூட இல்ல. ஆனா பன்னெண்டாம் நிலை, பாதி ஆறு. அந்த ஆறுலதான் அவ்வளவு அழகாப் பேசியிருக்காரு. உன் விதி எப்படி வேலை செய்யுது பாரு!"

பகடையைக் கீழே வைத்தேன். "அந்த நிலை எதுல ஏறுச்சு?"

"பொள்ளாச்சி பம்ப்செட்டுல."

"அப்ப எனக்கு வந்த மன்னிப்பு போர்வெல்லுல இருந்து வந்துதா?"

"அனுபவம் பொது" என்றாள் ரெஹானா, வழக்கமான பதில் வாயில் தயாராக இருந்ததால். என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வாயை அவசரமாகச் சாப்பிட்டாள்.

நான் கத்தினேன். பம்ப், போர்வெல், பொள்ளாச்சி எல்லாவற்றையும் இழுத்துக் கத்தினேன். வேடிக்கை என்னவென்றால் வாய்தான் கத்தியது, உள்ளே ஒன்றும் கொதிக்கவில்லை. அதை அப்போது நான் யோசிக்கவில்லை.

செல்வினுக்கு இதுதான் சமயம். "டாக்டர், இதே வில்லைய மாத்திப் போட முடியுமில்ல? செஞ்சது மட்டும் ஏறற மாதிரி?"

"முடியும். கார்ப்பரேஷன்லயும் அதைத்தான் கேக்கறாங்க, அந்தக் குழாய் விஷயத்துக்கு அப்புறம். ஆனா சேர்த்துக் கொடுத்த பாதியெல்லாம் போயிடும்." ரெஹானா என்னைப் பார்த்தாள். "இது உன் விதி. எடுக்கறதுன்னா நீயே சொல்லு."

நாச்சிமுத்து பகடையைத் துடைப்பதை நிறுத்தினார். "அப்ப நான் அன்னிக்குக் கேட்டதும் போயிடுமுங்களா?"

"சொன்னது ஞாபகம் இருக்கும் அண்ணா. சொல்ல வெச்ச திறமை இருக்காது."

இவர் என்னிடம் திரும்பினார். "போகட்டுமா அம்மிணி?"

"போகட்டும்" என்றேன். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

அடுத்த திங்கட்கிழமை ஊர் முழுக்கத் திறன் முறை வந்தது. அன்று காலை கண் விழித்ததும் பழைய கோபம் முழுசாகத் திரும்பி வந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. பொய் மன்னிப்பு போய்விட்டது, அதனால் வந்திருக்கிறது என்று நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். நாற்காலியில் துண்டு கிடந்தது. எடுக்கவில்லை.

புது முறையின் விதியைச் செல்வின்தான் ரெஹானாவுக்கு எழுதிக்கொடுத்தான். நீங்கள் எதையாவது உண்மையாக முயன்றால் வில்லை உள்ளுக்குள் ஒரு பகடை உருட்டும், நூறு வரைக்கும். உங்கள் திறன் அளவைவிட அதிகமாக விழுந்தால்தான் ஒரு புள்ளி ஏறும். அதாவது குறைவாக இருப்பவருக்குச் சீக்கிரம் ஏறும், தொண்ணூறைத் தாண்டியவருக்கு லேசில் ஏறாது. நியாயமான விதி. ஆனால் அவசரத்தில் செய்ததில் ஒரு கோளாறு தங்கிவிட்டது. ஏறும்போது வில்லை அதை வாய்விட்டுச் சொன்னது. ரயில்வே அறிவிப்பு மாதிரி ஒரு பெண் குரலில்.

ஊர் மானம் ஒரே வாரத்தில் கப்பலேறியது. கல்யாண மண்டபத்தில், மாப்பிள்ளை வீட்டு வரிசையில் இரண்டு அம்மாக்கள் காதோடு காதாகப் பேசிக்கொண்டிருக்கும்போது "புறம்பேசுதல்: எண்பத்து நான்கு" என்று கேட்டது. மாமன்றக் கூட்டத்தில் குறைகளைக் கேட்டுக்கொண்டிருந்த உறுப்பினரின் காதிலிருந்து "கேட்பதுபோல் இருத்தல்: தொண்ணூற்று மூன்று" என்று வந்தது. மருதமலையில் கண்மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் வில்லை, "செருப்பைப் பற்றிக் கவலைப்படுதல்: அறுபது" என்றது. முருகனே சிரித்திருப்பான்.

ஆனால் பிளம்பர்கள் திரும்பி வந்தார்கள். செல்வினின் வக்கீல் மாணவர் ஒரு மாலை முழுக்கத் தப்பும் தவறுமாக வாசித்து, "கீபோர்டு: மூன்று" என்று கேட்டதும் குதித்தாராம். வகுப்பு மறுபடி நிறைந்தது.

நாச்சிமுத்து மாறிப்போனார். முதலில் எனக்குச் சொன்னது எங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேன்தான். "மேடம், சார் என்றகிட்ட மன்னிப்புக் கேட்டாருங்க. எதுக்குங் சார்னு கேட்டா, சும்மா பழகறதுக்குங்கறாரு." வில்லை அதற்கு வாயைத் திறக்கவில்லை, உண்மையான முயற்சி இல்லையே. அதனால் இவர் உண்மையான தப்புகளைத் தேட ஆரம்பித்திருக்கிறார். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி ஏமாற்றிய தோப்புக்காரரிடம் பொள்ளாச்சிக்கே போய்க் கேட்டிருக்கிறார். மாடிவீட்டுக்காரரின் டிரில் மெஷினை வாங்கி வருஷக்கணக்காகத் திருப்பித்தராததற்காக அவரிடம் கேட்டிருக்கிறார். "கீபோர்டு என்ன பெரிய கம்பசூத்திரமா" என்று எப்போதோ சொன்னதற்காகச் செல்வினிடம் கேட்டிருக்கிறார்.

"அண்ணா ரொம்ப மோசமாக் கேட்டாரு அக்கா" என்றான் செல்வின். "பாதில நிறுத்திட்டு மழை வருமான்னு கேட்டாரு. ஆனா ஏறுச்சு. அஞ்சு."

ஊருக்கெல்லாம் மன்னிப்பு, எனக்கு மட்டும் ஈரத்துண்டா?

அந்தச் சனிக்கிழமை ஆட்டத்தில், காட்டு ராணி கோட்டைக் கதவைச் சாத்திவிட்டாள். யாராவது பேசித் திறக்கவேண்டும். பாதி நிலை விதியை எங்கள் மேசையிலிருந்தும் எடுத்துவிட்டிருந்தேன். ராணிக்குக் குரல் கொடுப்பவள் நான். "இடும்பா, எதற்கு வந்தாய்?" என்று கேட்டேன்.

பகடையைத் துடைத்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். இவர் எழுந்து நின்றார். உருட்டவில்லை.

"ராணிம்மா, வந்து..." என்று ஆரம்பித்தார். வியர்த்தது. "அம்மிணி, அன்னிக்குக் கடை திறந்தப்ப மாமா கேட்டாருல்ல. நான் டைம்பாஸுன்னு சொன்னேன். அது தப்பு. தப்புன்னு போன தடவையே நல்லாச் சொல்லீட்டேன், இந்தத் தடவ அப்படி வராது. ஆனா ஏன் சொன்னேன்னு போன தடவ சொல்லல. அப்ப எனக்கே தெரியல."

துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"நீ பேங்க் வேலைய விட்டப்ப, கடை ஓடலீன்னா மாமா என்னையத்தான் கேப்பாருன்னு பயம். ஓடீடுச்சுன்னா... ஓடீடுச்சுன்னா நீ அப்புறம் என்னைய ஒண்ணுமே கேக்க மாட்டீன்னு பயம். ரெண்டு பக்கமும் பயம். அதான் சின்னதாப் பண்ணிச் சொல்லிப்போட்டேன். சின்னதா இருந்தா எந்தப் பக்கமும் பயமில்ல பாரு." மூச்சு வாங்கினார். "துண்டு விசயமும் இருக்குது. அது தனி."

இவ்வளவுதான். இதைவிட மோசமாக ஒருத்தர் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. "மன்னிப்புக் கேட்டல்: எட்டு" என்றது வில்லை.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். "இத்தனை வருசம் கழிச்சு இப்பத்தான் வாய் வந்துதாக்கும்?" என்று வந்தது.

என் காதுக்குப் பின்னால் அந்தப் பெண் குரல் கணீரென்று சொன்னது. "சொல்லிக்காட்டுதல்: தொண்ணூற்று ஏழு."

"அக்கா, தொண்ணூத்தாறுல இருந்து ஒண்ணு ஏறறது சாதாரண விஷயமில்ல" என்றான் செல்வின், மெய்யான மரியாதையோடு.

காது சூடாகிவிட்டது. "சரி விடுங்க. மன்னிச்சுட்டேன்" என்றேன் அவசரமாக.

வில்லை சும்மா இருந்தது. நாங்கள் நால்வரும் காத்திருந்தோம். அது சும்மாவே இருந்தது.

"ரெஹானா, என் வில்லைல ஏதோ கோளாறு."

"கோளாறு இல்ல நவநீ." அவள் தயங்கினாள். "முயற்சி இருந்தாத்தான் அது எண்ணும்."

"போன தடவ மன்னிச்சேனே! நெஞ்சே லேசாச்சே!"

"போன தடவ நீ பத்தாம் நிலை. பாதி அஞ்சு."

எதில் பத்தாம் நிலை ஏறினேன் என்று நான் கேட்கவில்லை. எனக்கே தெரியும். தீபாவளிச் சரக்குப் பெட்டிகளை அடுக்கியதில். இவருடைய மன்னிப்பு போர்வெல்லில் இருந்து வந்தது என்று ஊரைக் கூட்டினேனே, நான் மன்னித்தது அட்டைப்பெட்டியில் இருந்து வந்திருக்கிறது. இவர் பயிற்சி பூஜ்யம் என்று கேட்டதும் கத்திய எனக்கும் அந்தப் பாதையில் ஒரு அடி கூட விழுந்திருக்கவில்லை. வெட்கமாக இருந்தது. இவரைப் பார்த்தேன். இவர் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, ராணி கதவைத் திறப்பாளா மாட்டாளா என்று நின்றுகொண்டிருந்தார்.

"எனக்கு இன்னும் கோபம் இருக்குதுங்க" என்றேன். குரல் எனக்கே புதுசாகக் கேட்டது. "அப்பா நீங்க சொன்னதை நம்பிட்டே போயிட்டாரு. அது எனக்கு வலிக்குது, நாளைக்கும் வலிக்கும். ஆனா நீங்க பயந்தீங்கன்னு எனக்குத் தெரியாது. கடை ஓடினாலும் உங்களைத்தான் கேப்பேன். எல்லாத்தையும் உங்களைத்தானே கேக்கறேன்? இது கூடத் தெரியாத மனுசனா நீங்க?"

கடைசி வாக்கியத்துக்கு மறுபடி மானத்தை வாங்கப்போகிறது என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

"மன்னித்தல்: ஒன்று" என்றது வில்லை.

நாச்சிமுத்து மெதுவாகக் கேட்டார். "நூத்துக்குங்களா?"

"நூத்துக்குத்தான் அண்ணா" என்றாள் ரெஹானா.

"ஒண்ணுதானா அம்மிணி?"

"கம்மியா இருந்தாத்தான் சீக்கிரம் ஏறும்" என்றான் செல்வின், தன் விதியைத் தானே தடவிக்கொடுப்பவன் போல.

நான் காளான் தட்டை இவர் பக்கம் தள்ளினேன். ராணி கதவைப் பாதி திறந்தாள் என்று சொன்னேன். இடும்பன் குனிந்துதான் உள்ளே வரவேண்டும். இவர் சிரித்தார், உட்காரப் போனார்.

"நில்லுங்க" என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டேன். "இப்ப அந்தத் துண்டு விசயத்தைச் சொல்லுங்க."

எனக்கும் பயிற்சி வேண்டுமே.